எம்பியின்ர மாச அறிக்கையில எங்கட ஒழுங்கை மூண்டு தரம் வந்திட்டுது, மதகு மட்டும் வரேல்லை

சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு கிராமத்தில மாதர் சங்கச் செயலாளரா இருக்கிற தங்கச்சி ஒராள் எழுதியிருக்கிறா. கடிதம் நீளம், சாரத்தை மட்டும் இஞ்ச தாறன்.

"ஐயா, எங்கட ஒழுங்கையால தான் ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் போய் வாறவை. நடுவில வயற்கரைப் பக்கம் இருக்கிற மதகு உடைஞ்சு கன நாள், மாரி வந்தா முழங்கால் தண்ணி, பிள்ளையள் சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டு போகினம். தேர்தல் முடிஞ்ச கையோட ஒரு எம்பி வந்து பாத்தவர், படமும் எடுத்தவை. அவர் மாசாமாசம் 'மக்களுக்கான அறிக்கை' எண்டு ஒண்டு வெளியிடுறவர், அதில எங்கட ஒழுங்கை மூண்டு தரம் வந்திட்டுது. முதல் 'நேரில் பார்வையிடப்பட்டது' எண்டு, பிறகு 'உரிய அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது' எண்டு, கடைசியா 'ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பிரஸ்தாபிக்கப்பட்டது' எண்டு. வேலை ஒண்டும் நடக்கேல்லை. கனடாவில ஸ்காபரோவில இருக்கிற என்ர அக்கா தங்கட மாகாணசபை உறுப்பினர் அனுப்புற கடிதத்தைக் காட்டினவா, அதில என்ன சட்டம் வருது, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு காசு, எந்தப் பிரச்சினைக்கு ஆரோட கதைக்கிறது எண்டு எல்லாம் விபரமா இருக்கு. எங்களுக்கு ஏன் அப்பிடி வரேல்லை? நாங்கள் எம்பியைத் திருப்பிப் போய்ப் பாக்கிறதோ, ரோட்டை மறிக்கிறதோ? அக்கா காசு அனுப்புறன், நீங்களே மதகைக் கட்டுங்கோ எண்டும் சொல்லுறா. என்ன செய்யிறது?"

தங்கச்சி, உங்கட கோவம் நியாயமான கோவம். நான் பிரதேச செயலகத்தில திட்டமிடல் கிளையில இருந்து ஓய்வு பெற்ற ஆள், உப்பிடியான ஒழுங்கை, மதகு, வாய்க்கால் பைலுகள் தான் என்ர மேசையில வருசக்கணக்கா வந்து போனது. ஆனபடியா அந்த எம்பி நல்லவரோ கூடாதவரோ எண்ட கதைக்கு நான் வரேல்லை, அந்த மூண்டு வசனத்துக்கும் பின்னால ஒபிசில என்ன நடந்திருக்கும், என்ன நடக்காம விட்டிருக்கும் எண்டதைச் சொல்லுறன், அதில இருந்தே உங்களுக்கு வழி தெரியும்.

"நேரில் பார்வையிடப்பட்டது" எண்டா வந்தார், பாத்தார், போனார், அவ்வளவு தான். அதால ஒரு ஒபிசிலயும் ஒரு கடுதாசியும் உருவாகாது. "கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது" எண்டா ஒரு போன் கோலாவும் இருக்கலாம், ஒரு கடிதமாவும் இருக்கலாம், போன் கோல் எண்டா அதை எடுத்த அதிகாரி இடம் மாறிப் போனதோட அதுவும் போயிடும். மூண்டாவது தான் பெறுமதியான வசனம். எம்பிமாரும் திணைக்கள அதிகாரிகளும் சேர்ந்து கூடுற மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவோ பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவோ, அங்க ஒரு விசயம் எடுபட்டா அது கூட்ட அறிக்கையில, நாங்கள் மினிட்ஸ் எண்டு சொல்லுற அதில, பதியப்படவேணும். அதில விசயம் என்ன, என்ன முடிவு எடுத்தது, எந்தத் திணைக்களம் செய்யவேணும் எண்டு எழுதியிருக்கும், அடுத்த கூட்டத்தில அந்தத் திணைக்களத்து ஆள் எழும்பி நிண்டு முன்னேற்றம் சொல்லவேணும். உங்கட ஒழுங்கை உண்மையா அங்க கதைபட்டிருந்தா அதுக்கு ஒரு திகதி இருக்கு, ஒரு பந்தி இருக்கு, பொறுப்பான ஒரு திணைக்களத்தின்ர பேர் இருக்கு. அந்தப் பந்தியின்ர கொப்பி உங்கட கைக்கு வரவேணும், மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு தான். எம்பியின்ர ஒபிசுக்கே போன் எடுத்து, எந்தத் திகதிக் கூட்டம், மாவட்டமோ பிரதேசமோ எண்டு கேளுங்கோ. அவர் உண்மையாக் கதைச்சிருந்தா சந்தோசமாச் சொல்லுவார்.

இனி அதைவிட முக்கியமான ஒண்டு. கடிதம் முழுக்கத் தேடிப் பாத்தன், அந்த ஒழுங்கை ஆற்ற ஒழுங்கை எண்டு நீங்கள் ஓரிடத்திலயும் எழுதேல்லை. எங்கட ஊர்ப் பிரச்சினையள் பாதி இதில தான் சிக்கிக் கிடக்கிறது. ஏ, பி எண்டு தரம் போட்ட பெரிய வீதியள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர, ஆர்.டி.ஏ எண்டு சொல்லுறது, அது மத்திய அரசு. ஏ 9 அந்த வகை. சி, டி தரம் எண்டா மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், ஆர்.டி.டி. ஊருக்குள்ள இருக்கிற வீதி, ஒழுங்கை எல்லாம் பெரும்பாலும் பிரதேச சபை, உங்கட பக்கத்துக்கு மானிப்பாயில இருக்கிற வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை. வயலுக்குள்ளால போற பாதையளும் சின்னக் குளங்களும் எண்டா கமநல சேவைப் பக்கம். ஒரே ஒழுங்கையில முன்பாதி சபைக்கும், வயல் தொடங்கிற இடத்தில இருந்து பின்பாதி கமநலத்துக்கும் எண்டு இருக்கிற இடங்களும் இருக்கு, மதகு அந்த எல்லையில உடைஞ்சுதெண்டா ரெண்டு பகுதியும் மற்றவையின்ர எண்டு சொல்லிக்கொண்டிருக்கும். உங்கட மதகும் வயற்கரைப் பக்கம் எண்டு எழுதியிருக்கிறியள், ஆனபடியா இதை நிச்சயமாப் பாருங்கோ.

பாக்கிறது கஸ்டமில்லை. பிரதேச சபையில வீதிப் பதிவேடு எண்டு ஒண்டு இருக்கு, வீதியின்ர பேர், எங்க தொடங்கி எங்க முடியுது, நீளம், அகலம் எல்லாம் அதில கிடக்கும். போய்ச் சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேளுங்கோ, ரி.ஓ எண்டு சொன்னா எல்லாருக்கும் விளங்கும். எங்கட ஒழுங்கை இதில இருக்கோ, என்ன பேரில இருக்கு எண்டு கேளுங்கோ. ஊரில ஒரு பேர் சொல்லுவம், பதிவில வேற பேர் இருக்கும், எம்பி ஊர்ப் பேரைச் சொல்லிக் கூட்டத்தில கதைக்க அதிகாரி "அப்பிடி ஒரு வீதி எங்கட பட்டியலில இல்லை ஐயா" எண்டு சொன்னதோட விசயம் முடிஞ்சிடும். பதிவில இல்லவே இல்லையெண்டா முதல் வேலை அதைப் பதிவில ஏத்துறது, அதுக்குப் பிறகு தான் மதகு.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் வேற வேற எண்டது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா சங்கத்து மற்ற ஆக்களுக்குச் சொல்லிவிடுங்கோ, ஏனெண்டா ஏஜிஏ ஒபிசில, அதான் பிரதேச செயலகத்தில, கடிதத்தைக் குடுத்திட்டு "சபைக்குக் குடுத்திட்டம்" எண்டு இருக்கிற சனம் இப்பவும் இருக்கு. சபை நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யிறது, செயலகம் கொழும்பு அரசாங்கத்தின்ர கை. சபையில 2023 மார்ச்சில இருந்து ரெண்டு வருசத்துக்கு மேல உறுப்பினர் ஒருத்தரும் இல்லாம இருந்து, 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு தான் தவிசாளர், உறுப்பினர் எண்டு திருப்பி வந்தவை. அந்த இடைக்காலத்தில குடுத்த கடிதங்கள் கனக்க அப்பிடியே கிடக்கும், உங்கட சங்கம் அப்ப குடுத்திருந்தா அதை நம்பி இருக்காம புதுசாக் குடுங்கோ. இப்ப உங்கட வட்டாரத்துக்கு உறுப்பினர் இருக்கிறார், ஒழுங்கை சபையின்ர எண்டா எம்பிக்கு முதல் அவரைத் தான் பிடிக்கவேணும்.

அக்கா காட்டின ஸ்காபரோக் கடிதத்துக்கு வாறன். அதைப் பாத்து உங்களுக்கு வந்த ஏக்கம் எனக்கு வடிவா விளங்குது. ஆனா அந்த உறுப்பினர் ஆர் எண்டு பாருங்கோ, ஒன்ராறியோ மாகாணச் சட்டசபையில 124 பேர், ஒவ்வொருத்தருக்கும் ஒரு தொகுதி, தொகுதியில சட்டசபைக் காசில நடக்கிற ஒரு ஒபிஸ். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் மாகாணத்தின்ர பொறுப்பு. ஆனபடியா அவரால "இந்த ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு" எண்டு பொறுப்போட எழுத ஏலும். எங்கட ஊரில அந்தக் கதிரைக்குச் சரியான ஆள் எம்பி இல்லை, மாகாணசபை உறுப்பினர். 1987 இல வந்த 13 ஆவது திருத்தத்தால மாகாணசபை வந்தது, வடக்குக்கு எண்டு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21, 38 உறுப்பினர், அதில யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 16 பேர். 2018 ஒக்ரோபரில காலம் முடிஞ்சுது. 2017 இல தேர்தல் முறையை மாத்திச் சட்டம் கொண்டுவந்தவை, அதுக்குரிய எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஓகஸ்டில தோற்கடிச்சுது, அதோட பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. அண்டையில இருந்து ஆளுநர் தான் நடத்துறார்.

இது உங்கட மதகோட நேரா சம்பந்தப்பட்ட விசயம், அரசியல் பேச்சுக்காகச் சொல்லேல்லை. மாகாண வீதி, மாகாண ஆஸ்பத்திரி, பெரும்பாலான பள்ளிக்கூடங்கள், சபைகளை மேற்பார்வை செய்யிற உள்ளூராட்சித் திணைக்களம் எல்லாம் மாகாணத்துக்குக் கீழ இருக்கு, ஆனா அதுகளைக் கேள்வி கேக்கிறதுக்கு நாங்கள் தெரிவு செய்த அந்த 16 பேரும் இல்லை. அந்த வெற்றிடத்தை எம்பிமார் நிரப்பப் பாக்கினம், அதால தான் பாராளுமன்றத்தில சட்டம் செய்யவேண்டிய ஆள் ஒழுங்கையில நிண்டு படம் எடுக்கிறார். அவரைக் குறை சொல்லேல்லை, சனம் கூப்பிட்டா வராம இருக்க ஏலாது தானே. ஆனா அந்த மதகுக்கு உத்தரவு போடுற அதிகாரம் அவரிட்ட இல்லை எண்டதை அவரும் சொல்லவேணும், நாங்களும் தெரிஞ்சிருக்கவேணும். மாகாணசபைத் தேர்தல் எப்ப எண்டு உங்கட சங்கம் எல்லா எம்பிமாரிட்டயும் எழுத்தில கேக்கவேணும் எண்டு நான் மனதார விரும்புறன்.

எம்பியால என்ன தான் ஏலும் எண்டா, கனக்க ஏலும். முதல், "எங்கட எம்பி" எண்டு ஒருத்தரைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதையுங்கோ. 1989 இல இருந்து நாங்கள் தொகுதிக்கு எம்பி தெரிவு செய்யிறேல்லை, மாவட்டத்துக்குத் தான். கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு இப்ப ஆறு பேர், 2024 நவம்பர் 14 தேர்தலில ஆளும் கட்சிக்கு மூண்டு, மற்ற மூண்டு இடமும் தமிழரசுக் கட்சிக்கும் தமிழ்க் காங்கிரசுக்கும் ஒரு சுயேச்சைக் குழுவுக்கும் ஒவ்வொண்டா. ஆறு பேரும் உங்கட ஆக்கள் தான். ஒரே கடிதத்தை ஆறு பேருக்கும் அனுப்புங்கோ, எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறம் எண்டு அடியில எழுதியே அனுப்புங்கோ. ஆளும் கட்சி ஆள் அமைச்சரிட்ட நேர போகலாம், எதிர்க்கட்சி ஆள் பாராளுமன்றத்தில வாய்மூல விடைக்கு வினா குடுக்கலாம், அதுக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆகவேணும், பதில் பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில ஏறும். ஒரு ஒழுங்கைக்கு அவ்வளவு தூரம் போகாட்டிலும், "சண்டிலிப்பாய்ப் பிரதேசத்தில மழைவெள்ள வடிகால் எத்தினை திருத்தவேண்டிக் கிடக்கு, எவ்வளவு நிதி ஒதுக்கினது" எண்டு கேட்டா உங்கடயும் அதுக்குள்ள வரும். நவம்பர், டிசம்பரில வரவு செலவுத் திட்டத்தில அமைச்சு அமைச்சாக் குழுநிலை விவாதம் நடக்கும், அந்த நேரம் குடுத்த விபரம் பேச்சில வாறதுக்கு வாய்ப்புக் கூட.

காசுப் பக்கம் எண்டா, பன்முகப்படுத்தப்பட்ட நிதி எண்டு ஒரு வழி 1974 இல இருந்து இருக்கு. எம்பியின்ர கையில காசு குடுக்கிறேல்லை, இந்த வேலையைச் செய்யுங்கோ எண்டு அவர் முன்மொழிவார், மாவட்டச் செயலகம் பாத்து அங்கீகரிச்சு, பிரதேச செயலகமோ சபையோ செய்யும். அளவும் விதியும் அரசாங்கத்துக்கு அரசாங்கம் மாறும், இந்த வருசத்து நிலைமையை உங்கட பிரதேச செயலகத் திட்டமிடல் கிளையில கேட்டுக்கொள்ளுங்கோ. ஆனா ஒண்டு மாறாது: வருசத்துக் காசு டிசம்பர் 31 க்குள்ள செலவழிஞ்சிருக்கவேணும், இல்லாட்டி திறைசேரிக்குத் திரும்பும். மாரி தொடங்கி வெள்ளம் நிண்டாப் பிறகு தான் எங்கட சனம் மனுவோட வாறது. அந்த நேரம் கொங்கிறீற் போடவும் ஏலாது, அந்த வருசத்துக் காசும் முடிஞ்சிருக்கும். தை, மாசிக்குள்ள முழு விபரத்தோட குடுத்தா ஆடி, ஆவணியில நிலம் காய்ஞ்சிருக்கிற காலத்துக்குள்ள வேலை முடிக்கலாம்.

முழு விபரம் எண்டா என்ன எண்டு சொல்லுறன், இதில தான் கன மனு விழுந்துபோறது. ஒரு பக்கம் போதும். வீதியின்ர பதிவுப் பேர், கிராம சேவையாளர் பிரிவு, மதகு இருக்கிற இடம் ஒரு சின்ன வரைபடத்தோட. எத்தினை குடும்பம், பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளையள் எத்தினை. தண்ணி எவ்வளவு உயரம் நிக்குது எண்டதுக்கு "முழங்கால்" எண்டு எழுதாதையுங்கோ, மதகுக்குப் பக்கத்து மின்கம்பத்தில பெயின்ரால ஒரு அடிக்கோல் கீறிவிட்டு, மழை நாளில திகதியோட படம் எடுங்கோ, ஒரு மாரிக்கு அஞ்சாறு படம் வந்தா ரி.ஓ மறுக்க ஏலாது. அதிபரிட்டப் போய் வெள்ளம் நிண்ட நாளுகளில எத்தினை பிள்ளையள் வரேல்லை எண்டு வரவு இடாப்பைப் பாத்து ஒரு கடிதம் வாங்குங்கோ, உது தான் உங்கட மனுவில ஆகப் பலமான கடுதாசி. கிராம அபிவிருத்திச் சங்கத்தின்ர தீர்மானமும் விதானையாற்ற சிபாரிசும் சேருங்கோ. ரி.ஓவைக் கூப்பிட்டு ஒரு எஸ்ரிமேற் போடுவிச்சால் இன்னும் நல்லம், ஏனெண்டா எஸ்ரிமேற் இல்லாத வேலைக்கு ஆரும் காசு ஒதுக்க ஏலாது, கூட்டத்தில "முதல் மதிப்பீடு வரட்டும்" எண்டு ஒரு வசனத்தோட அடுத்த மாசத்துக்குத் தள்ளுப்படும். சின்ன வேலையளைக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே ஒப்பந்தமாக் குடுக்கிற நடைமுறையும் இருக்கு, அதையும் கேட்டுப் பாருங்கோ, ஊராக்கள் நிண்டு செய்விச்ச மதகு கனகாலம் நிக்கும்.

இன்னொண்டு, இதைக் கேட்டு ஊரில ஒரு சிலர் கோவிக்கக் கூடும். அந்தத் தண்ணி எங்க போய்ச் சேரவேணும்? உங்கட பக்கத்துத் தண்ணி எல்லாம் முந்தி வாய்க்கால் வாய்க்காலா ஓடி வழுக்கையாற்றில விழுந்து அராலிப் பக்கம் கடலுக்குப் போன தண்ணி. அந்த வாய்க்கால் இப்ப இருக்கோ எண்டு மதகில இருந்து நடந்து பாருங்கோ. கன இடத்தில மதில் கட்டேக்க வாய்க்காலை உள்ளுக்கு எடுத்திருக்கினம், சில இடத்தில படலைக்கு முன்னால கல்லும் மண்ணும் போட்டு மூடியிருக்கினம், ஒழுங்கையை வருசா வருசம் உயர்த்தி உயர்த்தி வளவுகள் பள்ளமாப் போயிருக்கு. வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கேக்க புது மதகு கட்டினா தண்ணி அடுத்த வீட்டு முத்தத்தில நிக்கும். நான் கண்ட அளவில, மதகு உடைஞ்ச இடங்களில மதகை விட வாய்க்கால் தான் கூடுதலாப் பழுதாகியிருக்கும். எம்பியைக் கூப்பிட முதல் சங்கத்தில இதைக் கதையுங்கோ, ஆற்ற மதில் எண்டு பேர் சொல்லாம, வாய்க்கால் போன பாதையை மட்டும் வைச்சுக் கதையுங்கோ. விட்டுத்தாறம் எண்டு நாலு வீட்டுக்காரர் கையெழுத்து வைச்ச ஒரு கடுதாசி இருந்தா சபைக்குக் கால்வாசி வேலை குறைஞ்சிடும்.

இனி மினிட்ஸ் கொப்பி. எம்பியின்ர ஒபிஸ் திகதி சொல்லாட்டி, அல்லது சொல்லியும் செயலகத்தில "உதெல்லாம் வெளியில குடுக்கிறேல்லை" எண்டா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 இல இருந்து நடைமுறையில இருக்கு. ஒரு வெள்ளைத்தாளில தமிழில எழுதலாம். ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. "இந்தக் காலப்பகுதியில நடந்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்ட அறிக்கைகளில இந்த வீதி பற்றிய பகுதியின் பிரதி, அதுக்கு எடுத்த நடவடிக்கைக் கடிதங்களின் பிரதி, மதிப்பீடு இருந்தால் அதன் பிரதி" எண்டு மூண்டு வரி. தகவல் அலுவலரிட்டக் குடுத்து, கிடைச்சதுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கோ. 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும். சொல்லாட்டி அல்லது மறுத்தா 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தில மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பிரதேச சபையிட்டயும் இதே மாதிரிக் கேக்கலாம். பதில் சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ வந்தா பேசாம இருக்காதையுங்கோ, வடக்கில நிர்வாக மொழி தமிழ், தமிழில தாங்கோ எண்டு திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கு.

ரோட்டை மறிக்கிறதைப் பற்றிக் கேட்டியள். வேண்டாம் எண்டு சொல்ல நான் ஆளில்லை, எங்கட சனம் தெருவில இறங்கித் தான் கன விசயம் வெண்டது. ஆனா கையில மினிட்ஸ் கொப்பியும் எஸ்ரிமேற்றும் இல்லாம மறிச்சா, ஒரு அதிகாரி வந்து "ஒரு மாசத்தில செய்து தாறம்" எண்டு சொல்லுவார், நீங்கள் எழும்பிப் போவியள், அந்த வாக்கும் இன்னொரு "கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது" தான். கடுதாசியோட நிண்டா "இந்தத் திகதியில இந்தத் திணைக்களம் செய்யிறதா ஏற்றுக்கொண்டது, ஏன் செய்யேல்லை" எண்டு கேக்கலாம். அதுக்கு எழுத்தில பதில் வாங்காம எழும்பாதையுங்கோ.

எம்பியின்ர மாச அறிக்கையை வேண்டாம் எண்டு ஒதுக்கவும் வேண்டாம், அதை நல்லதாக்கச் சொல்லிக் கேளுங்கோ. அவர் எழுதிறது நல்ல பழக்கம். ஆனா அதில வரவேண்டியது வேற. 2025 மார்ச் 28 இல காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ ஒரு வர்த்தமானி வந்ததே, வடக்கில 5,940 ஏக்கர், அதில யாழ்ப்பாண மாவட்டத்தில மட்டும் 3,600 ஏக்கருக்கு மேல, மூண்டு மாசத்துக்குள்ள உரிமை கோராட்டி அரச காணியாப் போகும் எண்ட நிலைமை. காணிக்காரர் பாதிப்பேர் வெளிநாட்டில, உறுதியள் இடம்பெயர்வில துலைஞ்சு போச்சு. உயர் நீதிமன்றத்தில வழக்குப் போட்டு, ஜூன் 27 இல இடைக்காலத் தடை வந்து, பிறகு அரசாங்கம் அதை மீளப் பெற்றது. உப்பிடி ஒரு செய்தி தான் எம்பியின்ர அறிக்கையில முதல் பக்கம் வரவேணும், எந்தக் கிராமம், என்ன பத்திரம் வேணும், ஆரிட்டப் போறது, கடைசி நாள் எது எண்டு. அதே மாதிரி சட்டம் செய்யிறது. எங்கட கடலில இழுவைமடி அடிக்கிறதைத் தடை செய்த 2017 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கச் சட்டத் திருத்தம் யாழ்ப்பாண எம்பியா இருந்த சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாக் கொண்டுவந்ததில இருந்து வந்தது. அது ஒரு எம்பி செய்யக்கூடிய வேலை, பிரதேச சபை உறுப்பினரால செய்ய ஏலாத வேலை. இந்த மாசம் பாராளுமன்றத்தில என்ன கேட்டனான், எதுக்கு வாக்குப் போட்டனான், எதுக்குப் போகேல்லை எண்டு எழுதச் சொல்லிக் கேளுங்கோ. ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில இருக்கு, தமிழில பேசினது தமிழிலயே இருக்கும், சங்கத்தில ஏ.எல் படிக்கிற பிள்ளை ஒண்டிட்டச் சொன்னா எடுத்துப் பாத்துச் சொல்லும்.

ஊர் வேலையளைப் பற்றி எழுதிறதெண்டா ஒவ்வொரு வேலைக்கும் எந்தத் திணைக்களம், எந்தத் திகதிக் கூட்டம், எவ்வளவு மதிப்பீடு, இப்ப எங்க நிக்குது எண்டு நாலு விபரம் போடச் சொல்லுங்கோ. "நடவடிக்கை எடுக்கப்படும்" எண்ட வசனம் அந்த நாலுக்குள்ள ஒண்டையும் சொல்லாது. இதை மரியாதையா, சங்கத்துக் கடிதத் தலைப்பில, செயலாளர் எண்டு கையெழுத்து வைச்சு எழுதுங்கோ. நல்ல மனிசர் எண்டா அவருக்கே இது உதவி, அடுத்த கூட்டத்தில அந்த அதிகாரியைக் கேக்க அவருக்கும் கையில ஒண்டு இருக்கும்.

கடைசியா அக்கான்ர காசு. அக்காவின்ர நல்ல மனசுக்கு நன்றி சொல்லுங்கோ, ஆனா மதகுக்கு அந்தக் காசைத் தொடாதையுங்கோ. சபையின்ர அனுமதி இல்லாமப் பொது வீதியில கட்டினா சட்டப் பிரச்சினை, தண்ணி மட்டம் பாக்காமக் கட்டி ஆற்றையும் வீட்டுக்குள்ள வெள்ளம் போனா பொறுப்பு உங்கட சங்கத்தின்ர தலையில. அதைவிட, சொந்தக் காசில ஒருக்கா கட்டினா அந்த மதகு சபையின்ர கணக்கில வராது, பத்து வருசத்தில திருப்பி உடையேக்க "உது நாங்கள் கட்டினதில்லை" எண்டு சொல்லுவினம், அப்ப அக்காவும் இருப்பாவோ தெரியாது. வரி கட்டுறம், வாக்குப் போடுறம், அது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை, அதைச் செய்விக்கிறது தான் எங்கட வேலை. அக்கா உதவி செய்யத்தான் வேணும் எண்டா, மழைக் காலத்தில அந்தப் பிள்ளையளைச் சுத்துப்பாதையால கூட்டிக்கொண்டு போக ஒரு ஓட்டோவுக்கு மாசக்காசு குடுக்கச் சொல்லுங்கோ, மதகு வரும் மட்டும் அது பெரிய உதவி. தகவல் கேட்டு அவ அங்க இருந்து விண்ணப்பிக்கவும் வேண்டாம், அந்தச் சட்டம் இலங்கைப் பிரசைக்குத் தான், கனடாப் பிரசாவுரிமை எடுத்து இஞ்சத்தையதை விட்டிருந்தா ஏற்கமாட்டினம். நீங்கள் உங்கட பேரில போடுங்கோ.

முதல் இந்தக் கிழமை சபைக்குப் போய் வீதிப் பதிவேட்டைப் பாருங்கோ. என்ன பேரில, ஆற்ற வீதியா இருக்கு எண்டு தெரிஞ்சாப் பிறகு எனக்கு எழுதுங்கோ, மனுவை ஆருக்கு விலாசமிடுறது எண்டு பாத்து எழுதித் தாறன்.